வெயிட் குறைக்க அக்குபஞ்சர் போறீங்களா? போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க

உங்களுக்கு எப்ப பசிக்குது? வெயிட் குறைக்க அக்குபஞ்சர் போகலாமான்னு யாராச்சும் என்கிட்ட கேட்டா நான் முதல்ல இதைத்தான் திருப்பிக் கேப்பேன், டக்குனு பதில் சொல்றவங்க ரொம்ப கம்மி. நான் முதல்ல அக்குபஞ்சருக்குப் போனப்ப எனக்கும் தெரியல. 84 கிலோ இருந்தேன், மூணு வேளையும் அளவாத்தான் சாப்புடுறேன்னு அடிச்சு சொல்லுவேன், ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல வயிறு நிறைஞ்சுதான் இருக்கும், வாய் மட்டும் எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல உள்ள போனதெல்லாம் என் கணக்குலயே வரல. அக்குபஞ்சர் எனக்கு உதவுனது அந்த பத்து மணிக்குத்தான். அதுக்கு மேல பெருசா எதுவும் இல்ல, ஆனா அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு.

அக்குபஞ்சர்ல உடம்போட சில புள்ளிகள்ல குத்துற மெல்லிசான ஊசி கொழுப்பைக் கரைக்காது, இதை முதல்லயே மனசுல வாங்கிக்கங்க. 1 கிலோ உடம்புக் கொழுப்புல கிட்டத்தட்ட 7700 கலோரி அடங்கியிருக்கு, அரைமணி நேரம் ஊசியோட படுத்திருந்தா அது எங்கயும் போயிடாது, சாப்பாடு கொஞ்சம் குறையணும் இல்லன்னா உடம்பு கொஞ்சம் அசையணும், ரெண்டும் நடந்தா இன்னும் நல்லது. அக்குபஞ்சரால ஆகக்கூடிய உதவி என்னன்னா வேண்டாத நேரத்துல வர்ற பசி, டென்ஷன் ஆனா கை தானா தின்பண்டத்துக்குப் போறது, சரியா தூங்காம மறுநாள் முழுக்க இனிப்பு தேடுறது, இந்த மாதிரி இடங்கள்ல கொஞ்சம் பிடி கிடைக்கும். ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதே அளவுலதான் பேசுது. உணவு, நடை இதோட அக்குபஞ்சரும் சேத்தவங்களுக்கு சேக்காதவங்களை விட கொஞ்சம் கூடுதலா எடை குறைஞ்சதா நிறைய ஆய்வு இருக்கு, ஆனா அதுல பெரும்பாலானது சின்ன ஆய்வு, ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சுடும், அதுலயும் நிஜ ஊசி மாதிரியே தெரியுற, ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காக மட்டும் போடுற போலி ஊசியோட வச்சு ஒப்பிட்டா அந்த வித்தியாசம் சுருங்கிடுது, சிலதுல காணாமலே போயிடுது. அதனால மாசத்துக்கு பத்து கிலோன்னு யாராச்சும் சொன்னா அந்த இடத்துல உக்காரவே வேணாம்.

முதல்ல டாக்டர், அப்புறம்தான் ஊசி

எடை ஏன் ஏறுதுன்னு தெரியாம எதையும் ஆரம்பிக்காதீங்க. தைராய்டு கம்மியா சுரக்கிறது, பிசிஓடி, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், இன்சுலின், இதெல்லாம் எடையை ஏத்தும், அதுக்கு வேற வழி பாக்கணும். தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்த டெஸ்ட், சுகர், பிபி, இவ்வளவாச்சும் பாத்துக்கிட்டுப் போங்க. சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், பசி குறைஞ்சு சாப்பாட்டைக் குறைச்சுட்டு மருந்தை மட்டும் பழைய அளவுலயே போட்டா சுகர் இறங்கி மயக்கம் வரும், அதனால டாக்டர் கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு ஆரம்பிங்க.

கர்ப்பமா இருக்கிறவங்க எடை குறைக்கிறதுக்காக அக்குபஞ்சர் எடுக்கவே கூடாது, அந்த சமயத்துல கணுக்காலுக்கு மேல இருக்கிற எஸ்பி 6-ங்கிற புள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற எல்ஐ 4-ங்கிற புள்ளி, வயித்துப் புள்ளிகள் இதெல்லாம் தவிர்க்கிறதுதான் வழக்கம். பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு ஊசி வழியா லேசா கரண்ட் குடுக்கிற முறை ஆகாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, நோய் எதிர்ப்பு சக்தி ரொம்ப கம்மியா இருக்கிறவங்க, நிக்கல் அலர்ஜி உள்ளவங்க எல்லாம் ஊசி எடுக்கிறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடணும். இன்னொண்ணு, பட்டினி கிடக்கிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறதுன்னு எப்பவாச்சும் பழக்கம் இருந்தவங்களுக்கு பசியைக் குறைக்கிற எந்த முறையும் ஆபத்துதான், தயவுசெஞ்சு அவங்க மனநல டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு வாரம் நோட்டு எழுதுங்க

இதை எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியமானதா படுது. ஊசிக்குப் போறதுக்கு முன்னாடி 7 நாள், எதையும் மாத்தாம, எப்பவும் போல சாப்பிட்டுக்கிட்டு, எழுத மட்டும் செய்யுங்க. சாப்பிடணும்னு தோணுன ஒவ்வொரு தடவையும் மணி என்ன, பசி 10-க்கு எத்தனை, அது வயித்துல வந்ததா வாயில வந்ததா, அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க, இவ்வளவுதான். கலோரி கணக்கெல்லாம் வேணாம். வயித்துப் பசி மெதுவா ஏறும், எதைக் குடுத்தாலும் சரின்னு இருக்கும். வாய்ப் பசி திடீர்னு வரும், இன்னதுதான் வேணும்னு அடம் பிடிக்கும். நாலு நாள் எழுதுனாலே உங்களுக்கே பளிச்சுனு தெரிஞ்சுடும், ஒருத்தருக்கு சாயங்காலம் ஆபீஸ் முடியிற நேரம், ஒருத்தருக்கு சண்டை போட்ட பிறகு, எனக்கு ராத்திரி எல்லாரும் தூங்குன பிறகு.

அதோட மூணு அளவு எடுத்து வச்சுக்கங்க. எடை, காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்த பிறகு, மூணு நாள் தொடர்ந்து பாத்து அதோட சராசரி. ஏன் மூணு நாள்னா உப்பு, தண்ணி, மாதவிடாய் இதுனாலயே ஒரே வாரத்துல 1, 2 கிலோ மேல கீழ ஆடும், அதைப் பாத்து சந்தோசப்படவும் கூடாது அழவும் கூடாது. அடுத்து இடுப்புச் சுற்றளவு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல டேப்பை வச்சு, மூச்சை சாதாரணமா வெளிய விட்டுட்டு எடுங்க, வயித்தை உள்ள இழுக்காதீங்க. தெற்காசிய உடம்புக்கு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ தாண்டுனா கவனிக்கணும்னு வச்சிருக்காங்க. மூணாவது பிஎம்ஐ, எடையை மீட்டர்ல இருக்கிற உயரத்தோட வர்க்கத்தால வகுக்கணும், 78 கிலோ, 1.62 மீட்டர்னா 29.7 வரும். உலக சுகாதார நிறுவனம் பொதுவா 25-க்கு மேல அதிக எடை, 30-க்கு மேல உடல் பருமன்னு சொல்லுது, ஆசிய மக்களுக்கு 23-லயே ரிஸ்க் ஆரம்பிக்குது, 27.5-க்கு மேல அதிகம்னு தனியா ஒரு அளவும் வச்சிருக்கு.

இலக்கு எவ்வளவு வைக்கிறது? இப்ப இருக்கிற எடையில 5 சதவீதம், 78 கிலோ ஆளுக்கு 3.9 கிலோ. கேக்குறதுக்கு கம்மியா இருக்கும், ஆனா 5 சதவீதம் குறைஞ்சாலே சுகர், பிபி எல்லாம் நல்ல பக்கம் நகர ஆரம்பிக்கும்.

ஆளைத் தேடுறது

உங்க ஊர்ல எந்தப் படிப்பு, எந்தப் பதிவு செல்லுமோ அது அவங்ககிட்ட இருக்கான்னு கேளுங்க, கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க, நல்லா தெரிஞ்சவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. ஊசி பேக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கிறாங்களா, ஒரு தடவை போட்டதை அப்பவே ஊசி போடுற டப்பாவுல போட்டுடுறாங்களான்னு பாருங்க. அமெரிக்காவுல 1996-லயே அக்குபஞ்சர் ஊசின்னா ஸ்டெரைல் பண்ணதா, ஒரே தடவை உபயோகத்துக்கானதா இருக்கணும்னு சொல்லிட்டாங்க, 1999-ல உலக சுகாதார நிறுவனமும் அக்குபஞ்சர் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் தனியா வழிமுறை போட்டுச்சு, அதனால "உங்க ஊசியைக் கழுவி உங்களுக்கே தனியா வச்சிருக்கோம்"ங்கிறதை எல்லாம் ஏத்துக்காதீங்க. எத்தனை தடவை வரணும், எப்ப நிறுத்துவீங்க, பலன் இல்லன்னா என்ன பண்ணுவீங்க, இந்த மூணு கேள்விக்கும் தெளிவா பதில் வரணும்.

நான் முதல்ல போன இடத்துல உக்காந்து அஞ்சு நிமிஷத்துல தைராய்டு மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்க, உடம்பு தானா சரி பண்ணிக்கும்னு சொன்னாங்க. எந்திரிச்சு வந்துட்டேன். இது உங்களுக்கும் நடக்கலாம், அதான் அழுத்திச் சொல்றேன், தைராய்டு, சுகர், பிபி, வலிப்பு எதுக்கான மாத்திரையா இருந்தாலும் அதை எழுதிக் குடுத்த டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க. ஊசியும் மாத்திரையும் ஒண்ணா போகலாம், ஒண்ணுக்காக இன்னொண்ணை விடணும்னு கட்டாயமே இல்ல.

முதல் சிட்டிங் எப்படி இருக்கும்

வெறும் வயித்தோட போகாதீங்க, மயக்கம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி லேசா சாப்பிட்டுட்டுப் போங்க. முழங்கால் வரைக்கும், முழங்கை வரைக்கும் மடிச்சு விடுற மாதிரி தொளதொளன்னு டிரஸ். நாக்கை நீட்டச் சொல்லுவாங்க, ரெண்டு கையிலயும் நாடி பாப்பாங்க, தூக்கம், மலம், மாதவிடாய், வேர்வை, தாகம்னு சம்பந்தமே இல்லாத மாதிரி நிறைய கேப்பாங்க, அவங்க முறையில அதெல்லாம் சேத்துத்தான் புள்ளி தேர்ந்தெடுப்பாங்க. உங்க நோட்டை அப்பவே எடுத்து நீட்டிடுங்க. என்னைப் பாத்தவங்க நோட்டைப் புரட்டிட்டு, பத்து மணிக்குப் பத்து மணிக்குன்னே எழுதியிருக்கியேம்மா, தூக்கத்தை முதல்ல பாப்போம்னு சொன்னாங்க, அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

ஊசி பயம் இருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. ரத்தம் எடுக்கிற ஊசி சுமார் 0.8 மி.மீ தடிமன், உள்ள துளை இருக்கும். அக்குபஞ்சர் ஊசி துளையே இல்லாத கம்பி மாதிரி, சாதாரணமா 0.16-ல இருந்து 0.30 மி.மீ தான். போடும்போது எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு ஒரு நொடி, அப்புறம் அந்த இடம் கனமா, மந்தமா, லேசா இழுக்கிற மாதிரி இருக்கும், சீனத்துல அதுக்கு தே-சி ன்னு பேரு, அது வந்தாதான் ஊசி பிடிச்சிருக்குன்னு அர்த்தம்னு சொல்லுவாங்க. கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுனு ஓடுச்சுன்னா, எரிச்சலா வலிச்சா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க, சொல்லுங்க, அவங்க கொஞ்சம் வெளிய இழுப்பாங்க. 20-ல இருந்து 30 நிமிஷம் படுத்திருக்கணும். வேர்த்துக் கொட்டுது, கண்ணு இருட்டுதுன்னா அதையும் உடனே சொல்லணும், ஊசியை எல்லாம் எடுத்துட்டு காலைத் தூக்கி வைப்பாங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.

புள்ளிகள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனா எடைக்குன்னு வர்றவங்களுக்கு அடிக்கடி போடுறது சிலது இருக்கு. முழங்கால் சில்லுக்குக் கீழ நாலு விரல் இறங்கி, முன் எலும்புல இருந்து ஒரு விரல் வெளிப்பக்கமா இருக்கிற எஸ்டி 36. தொப்புள்ல இருந்து ரெண்டு பக்கமும் ரெண்டு கட்டைவிரல் அகலம் தள்ளி எஸ்டி 25. தொப்புளுக்கும் நெஞ்செலும்பு முடியிற இடத்துக்கும் சரி நடுவுல சிவி 12, இதை ரென் 12-ன்னும் சொல்லுவாங்க. கால்ல வெளிப்பக்கம் எஸ்டி 40. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அளவு எல்லாம் உங்க விரலை வச்சுத்தான், உங்க கட்டைவிரல் அகலம் உங்களுக்கு ஒரு சுன், என் விரலை வச்சு உங்களுக்கு அளக்கக் கூடாது. உடம்புக்கு ஒரே ஒரு ஊசி மட்டும் போட்டு அனுப்புறவங்களும் இருக்காங்க, ஊசியே இல்லாம விரலால தொட்டு பண்றவங்களும் இருக்காங்க, எடை குறைப்பு ஆய்வுகள் பெரும்பாலும் பல ஊசி முறையிலயும் காது முறையிலயும்தான் நடந்திருக்கு, அதை மனசுல வச்சு முடிவு பண்ணுங்க.

தோல்ல கிண்ணத்தைக் கவுத்து உறிஞ்ச வைக்கிற கப்பிங், ஒரு மூலிகையைப் பத்த வச்சு புள்ளிக்குச் சூடு குடுக்கிற மோக்ஸா, ஊசியில கரண்ட் குடுக்கிறது, தோலுக்கடியில கரையிற நூல் வைக்கிறதுன்னு இன்னும் சில முறை உண்டு. நூல் வைக்கிறதை புதுசா வர்றவங்க முதல்லயே எடுக்க வேணாம்னு நான் சொல்லுவேன், அது உள்ளயே தங்குற பொருள், ஒத்துக்கலன்னா உடனே உருவி எடுக்க முடியாது. ஆன்லைன்ல ஊசி வாங்கி வீட்டுல தானே குத்திக்கிறதை கண்டிப்பா பண்ணாதீங்க, நெஞ்சு, தோள் பக்கம் தப்பா ஆழமா போனா நுரையீரல்ல ஓட்டை விழுந்து மூச்சு முட்டும், அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு.

காது

எடை விஷயத்துல காதுக்குத் தனி இடம் உண்டு. 1950-கள்ல பிரான்ஸ் நாட்டு டாக்டர் பால் நோஜியே, இடுப்புல இருந்து காலுக்கு ஓடுற வலிக்காக காதுல சூடு போட்டுக்கிட்ட சிலரைப் பாத்தாரு, அவங்க வலி குறைஞ்சுடுச்சுன்னு சொன்னதைக் கேட்டு ஆராய ஆரம்பிச்சு, தலைகீழா சுருண்டு கிடக்கிற குழந்தை மாதிரி காதுல மொத்த உடம்புக்கும் ஒரு வரைபடம் போட்டாரு. அந்த வரைபடத்தை அப்படியே ஏத்துக்காதவங்க கூட ஒத்துக்கிற ஒரு விஷயம், காதுக் குழிக்குள்ள வேகஸ் நரம்போட ஒரு கிளை வருது, வயித்துக்கும் குடலுக்கும் போற அதே நரம்பு.

பசிப் புள்ளின்னு சொல்றது காதுத் துளைக்கு முன்னாடி சின்னதா துருத்திக்கிட்டு இருக்குதே அந்த மடல்ல. வயித்துப் புள்ளி காதுக் குழிக்குள்ள. ஷென்மென்ங்கிறது காதோட மேல்பக்கம் முக்கோணமா ஒரு பள்ளம் இருக்குமே அதுல, மனசு படபடப்புக்கும் தூக்கத்துக்கும் போடுவாங்க. இந்த இடங்கள்ல ஊசியும் போடலாம், ஆனா வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வசதியானது விதை, கடுகு சைஸ்ல ஒரு விதையோ உலோக மணியோ சின்ன பிளாஸ்திரியில ஒட்டி காதுல வச்சு விடுவாங்க. வாய்ப் பசி வர்ற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, நோட்டுல பாத்து வச்சிருக்கீங்கல்ல அந்த நேரம், ஒவ்வொரு விதையையும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் அழுத்தி அழுத்தி விடுங்க, தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சுடும். நான் ஒன்பதே முக்காலுக்கு அலாரம் வச்சுக்கிட்டேன். அழுத்திட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு இன்னும் வேணுமான்னு பாப்பேன், பாதி நாள் வேணாம்னு ஆயிடும், பாதி நாள் சாப்பிடத்தான் செஞ்சேன். விதை பண்ண வேலையா, பத்து நிமிஷம் நின்னு யோசிச்சது பண்ண வேலையான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல.

3 நாள், மிஞ்சிப்போனா 5 நாள், அதுக்கு மேல ஒரே விதையை வச்சிருக்காதீங்க, எடுத்துட்டு ஒரு ரெண்டு நாள் காதை சும்மா விட்டுட்டு அடுத்த காதுல வைக்கச் சொல்லுங்க. சிவந்து, சூடா, துடிக்கிற மாதிரி வலிச்சா அன்னைக்கே எடுத்துட்டு டாக்டர் கிட்ட காட்டுங்க. காது மடல் குருத்தெலும்பு, அதுக்குள்ள ரத்த ஓட்டம் கம்மி, சீழ் பிடிச்சா ஆறுறது கஷ்டம், காதோட வடிவமே மாறிடலாம். இதனாலதான் நாள் கணக்கா காதுல குத்தியே வைக்கிற குட்டி ஊசியை ஆரம்பத்துல வேணாம்னு சொல்லிடுங்க.

சிட்டிங்குக்கு நடுவுல இருக்கிற நாட்கள்

வாரத்துக்கு ரெண்டு தடவை, மொத்தம் 8-ல இருந்து 12 தடவைங்கிறது பொதுவா சொல்ற கணக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை அரைமணி நேரம்னா வாரத்துல 1 மணி நேரம், மிச்சம் 167 மணி நேரம் உங்க கையில இருக்கு. பசி கொஞ்சம் அடங்குன அந்த ஆரம்ப வாரங்கள்லயே பழக்கத்தை மாத்திடணும், ஒரே சமயத்துல எல்லாத்தையும் இல்ல, நோட்டுல அதிகமா வந்த ஒரே ஒரு நேரத்தை மட்டும் எடுத்துக்கங்க. தட்டுல பாதி காய்கறி, புரதம் கொஞ்சம் கூட, குடிக்கிறதுல சர்க்கரை கம்மி. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, ஒரு நாளைக்கு 30 நிமிஷம்னு 5 நாள். தூக்கம் 7 மணி நேரம். ஊசி போட்ட அன்னைக்கு மட்டும் கடுமையான உடற்பயிற்சி வேணாம், சிலருக்கு அசதியா இருக்கும், ஊசி போட்ட இடத்துல சின்னதா ரத்தம் கட்டி நீலமா தெரியும், ரெண்டு மூணு நாள்ல மங்கிடும்.

நடுவுல வீட்டுலயே எஸ்டி 36-ஐ கட்டைவிரலால அழுத்தலாம், ஒவ்வொரு கால்லயும் ஒண்ணு ரெண்டு நிமிஷம், சாப்பாட்டுக்கு முன்னாடி. காசும் இல்ல, ஆபத்தும் இல்ல.

எப்ப நிறுத்துறது

முதல் வாரம் சட்டுனு 1, 2 கிலோ இறங்குனா அது பெரும்பாலும் தண்ணி. 4 வாரம் முடிஞ்சதும் எடையை விட நோட்டைப் பாருங்க, அந்த வாய்ப் பசி முன்னாடி வாரத்துக்கு எத்தனை தடவை வந்துச்சு, இப்ப எத்தனை தடவை? அது குறைஞ்சிருந்தா எடை மெதுவா பின்னாடி வரும், வாரத்துக்கு அரை கிலோன்னாலே நல்ல வேகம். 6 வாரத்துலயும் பசி மாறல, தூக்கம் மாறல, டேப்பும் நகரலன்னா நன்றி சொல்லிட்டு நிறுத்திடுங்க, இன்னும் பத்து சிட்டிங் எடுத்தா பிடிச்சுக்கும்னு சொன்னாலும் சரி. உங்களுக்கு ஒத்துவரலன்னா அது உங்க தப்பு இல்ல, டயட்டீஷியன் இருக்காங்க, மருந்து இருக்கு, ரொம்ப அதிக எடைக்கு ஆபரேஷனும் இருக்கு, அதைப் பத்தி டாக்டர் கிட்ட தயங்காம பேசுங்க.

எனக்கு 12 வாரத்துல 84-ல இருந்து 79.6-க்கு வந்துச்சு, இடுப்பு 5 செ.மீ குறைஞ்சுது, அதே 12 வாரமும் தினம் நடந்தேன்ங்கிறதையும் சேத்தே சொல்லணும். இப்ப தொடர்ந்து ஊசிக்குப் போறது இல்ல. வேலை நெருக்கடியில தூக்கம் கெட்டு மறுபடியும் 2 கிலோ ஏறுச்சுன்னா அந்தப் பழைய நோட்டை எடுத்து ஒரு வாரம் எழுதுவேன், மறுபடியும் பத்து மணின்னே வந்தா விதை வைக்க ஒரு போன் பண்ணுவேன், வேற நேரம் வந்தா அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு முதல்ல பாப்பேன்.